முதல் இரும்பு எதற்கு?

சுவீடன் நாட்டு மொஜாங் நிறுவனம் 2011ஆம் ஆண்டு முழு வடிவில் வெளியிட்ட மைன்கிராப்ட் என்னும் கணினி விளையாட்டை உங்களுள் பலர் அறிவீர்கள். வெறுங்கையுடன் தொடங்குகிறோம்; இருட்டியதும் எலும்புக்கூடுகள் அம்பு தொடுக்கின்றன. உடலைக் காப்பது எவ்வாறு?

தோல் கவசமே எளிது என்பர் சிலர். தலைக்கு 5, மார்புக்கு 8, காலுக்கு 7, பாதத்திற்கு 4 என 24 தோல் வேண்டும். ஒரு பசு தருவது மிஞ்சினால் 2. சில வேளை ஒன்றுமே இல்லை! ஒரு மந்தையையே அழித்து நாம் பெறுவது 7 காப்புப் புள்ளிகள். அப்பசுக்களுக்குக் கோதுமை ஊட்டிப் பெருக்குவதே மேல் என்பேன்.

கல் பிக்காசினால் இரும்புத் தாதை வெட்டி உலையில் உருக்குங்கள். முதல் கட்டி கேடயத்திற்கே உரியது. அதனுடன் 6 பலகைகள் போதும். உயர்த்திப் பிடித்தால் எதிரே வரும் அம்பு நம்மைத் தீண்டாது. அடுத்த 3 கட்டிகள் இரும்புப் பிக்காசிற்கு. வைரம் எடுக்க அது வேண்டும். பின்னர் 8 சேர்ந்ததும் மார்புக் கவசம் செய்யுங்கள். அது மட்டுமே 6 புள்ளிகள் தரும். தலைக்கவசமோ 5 கட்டிகளை விழுங்கி 2 புள்ளிகளே தருகிறது! அது கடைசியில் வரட்டும். முழு இரும்புக் கவசத்திற்கும் அதே 24 கட்டிகள்தாம், புள்ளிகளோ 15.