ஒளிரும் வால்வும் ஒளிந்திருக்கும் பழுதும்

நுழையும்முன்

கோயில் திருவிழாவிலும் திருமண வீட்டிலும் பாட்டு ஒலிக்கக் கேட்டிருப்பீர்கள். இன்று அவ்வொலியைப் பெருக்கும் கருவி கையில் அடங்குமளவு சிறிதாகவும் இருக்கிறது. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் அது கனத்த இரும்புப் பெட்டி. அதனுள் கண்ணாடிக் குழல்கள் செம்பொன் நிறத்தில் ஒளிர்ந்தன. ஊமையாகிவிட்ட அத்தகைய பெட்டியொன்றை மீண்டும் பாடவைக்கும் முறையை இப்பாடம் கூறுகிறது.

பாடம்

பங்காருப்பேட்டையில் கிளை பிரியும் இருப்புப்பாதை, கோரமண்டல், உரிகம், சாம்பியன் ஆகிய நிலையங்களைக் கடந்து மாரிகுப்பத்தில் முடிகிறது. கர்நாடக மாநிலத்துக் கோலார் தங்கவயலின் ஒரு பகுதி அவ்வூர். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் குழுமம் அங்குச் சுரங்கத் தொழிலைத் தொடங்கியபின், வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்திரளாக வந்து குடியேறினர். இன்றும் அவ்வூர்த் தெருக்களில் தமிழ் ஒலிக்கிறது.

மின்சாரம் அவ்வயலுக்கு மிக முன்னதாகவே வந்தது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் ஆக்கப்பட்ட மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பிவழி பயணம் செய்து 1902-இல் தங்கவயலை அடைந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். பொன்னை வெட்டி எடுத்த இயந்திரங்களுக்காக வந்த மின்சாரமே பின்னாளில் வானொலிப் பெட்டிக்கும் பாட்டுப் பெட்டிக்கும் உயிர் தந்தது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதன்பின் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் தொடர்வண்டி ஏறி, பெங்களூர் சென்று வேலைபார்த்துத் திரும்புவது அவ்வூரின் அன்றாட வாழ்வாயிற்று.

அங்குள்ள லைன் வீடு ஒன்றில், கட்டிலுக்கு அடியில், தாத்தா விட்டுச்சென்ற பழைய பெருக்கி ஒன்று தூசி படிந்து கிடப்பதாகக் கொள்வோம். பெருக்கி என்பது ஆம்ப்ளிஃபயர். தெருவில் பழைய இரும்பு வாங்குபவரின் குரல் கேட்கிறது. அவர் அதை எடைபோட்டு விலை சொல்வார். அவர் கண்ணுக்கு அதில் உள்ளவை இரும்பும் செம்பும் மட்டுமே. விற்பதா, வைத்துக்கொள்வதா? இவ்வினாவுக்கு விடை காணவேண்டுமாயின் பெட்டிக்குள் எது அரியது, எது எளிதில் கிடைப்பது என்று முதலில் அறிதல் வேண்டும்.

வால்வு என்பது காற்று முழுதும் அகற்றப்பட்ட கண்ணாடிக் குழல். ஆதலின் அதனை வெற்றிடக் குழல் என்றும் கூறுவர். அதன் நடுவிலுள்ள மெல்லிய இழை சூடேறி, தன்னைச் சூழ்ந்த எதிர்மின்வாயையும் சூடேற்றும். சூடேறிய எதிர்மின்வாய் எலக்ட்ரான்களை வெளிவிடும். நேர்மின்வாய் அவற்றை ஈர்க்கும். இவ்விரண்டுக்கும் இடையே நுண்ணிய கம்பிவலை ஒன்று உண்டு. அதுதான் மதகு. ஏரி மதகைச் சிறிது உயர்த்தினால் பெருநீர் பாய்கிறதன்றோ? அதுபோல வலையில் நேரும் சிறு மின்னழுத்த மாற்றம், வால்வினூடே பாயும் பெரிய மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆட்டுவிக்கும். பாடகரின் மெல்லிய குரல் இவ்வாறுதான் தெருமுழுதும் கேட்கும் குரலாகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த பிளெமிங் 1904-இல் வலையில்லாத வால்வை உருவாக்கினார். அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் 1906-இல் அதனுள் மூன்றாவது முனையைச் சேர்த்தார். அச்சிறு சேர்க்கையிலிருந்தே ஒலியைப் பெருக்கும் கலை வளர்ந்தது.

பழைய பெருக்கி பாடவில்லையெனில், வால்வு கெட்டுவிட்டது என்றே பலரும் முடிவு செய்வர். ஒளிர்வதும் கண்ணுக்குத் தெரிவதும் அதுதானே! ஆனால் நல்ல வால்வு நெடுங்காலம் உழைக்கும். முதலில் முதுமை அடைவது, அடித்தட்டின் கீழே மறைந்திருக்கும் மின்தேக்கி. இதனை நூல்கள் மின்தேக்கி என்னும். கடைக்காரரோ கண்டன்சர் என்றால்தான் எடுத்துக் கொடுப்பார். தமிழ் கற்பவர் இரு சொல்லையும் அறிந்திருத்தல் நலம்.

இரண்டு வால்வுகளுக்கு இடையே, காகிதத்தாலும் மெழுகாலும் ஆன சிறு கண்டன்சர் ஒன்று வாயில்காப்போன் போல நிற்கும். முன்வால்வின் உயர் மின்னழுத்தத்தை அது தடுத்துவிடும். பாட்டின் அலையை மட்டும் பின்வால்வுக்கு விடும். ஆண்டுகள் செல்லச் செல்லக் காகிதம் ஈரத்தை உறிஞ்சும், காவல் தளரும். தடுக்கப்பட வேண்டிய மின்னழுத்தம் கசிந்து பின்வால்வின் வலையைச் சேரும். மதகு முழுதும் திறந்துகொள்ள, வால்வின் தகடு செக்கச்செவேலெனக் காயும். அதனைக் கண்டவர் புதிய வால்வு வாங்கிச் செருகுவார். சிறிது நேரத்தில் புதியதும் சிவக்கும். மூன்றாவது வால்வும் வாங்கியபின், மின்மாற்றியிலிருந்து புகை எழும். சில ரூபாய் விலையுள்ள கண்டன்சரை மாற்றாததால் விளைந்த இழப்பு இது. ஆகவே, கைதேர்ந்த பழுதுநீக்குநர் அவ்வகைக் காகிதக் கண்டன்சரைச் சோதித்துக் கொண்டிராமல் முதற்கண் மாற்றிவிடுவார்.

மற்றொரு வகைக் கண்டன்சர் உருளை வடிவில் பெரிதாக இருக்கும். அது மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது. அதன் உள்ளீரம் உலர்ந்துவிட்டால் பாட்டுக்குப் பின்னே ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் நீங்காது கேட்கும். பழைய பெட்டிகளில் 32 மைக்ரோஃபாரட் அளவு மிகுதி. இக்காலக் கடைகளில் அவ்வளவு கிடைப்பது அரிது. 33 வாங்கிக்கொள்ளலாம். பெரியது இன்னும் நல்லது என்று எண்ணி 220 வைப்பவர்களும் உண்டு. அவ்வளவு பெரிய கண்டன்சரை நிரப்பும்போது எழும் மின்னோட்டத்தைத் திருத்தி வால்வு தாங்காது. அளவறிதல் இங்கே பெருந்தேவை. தாங்கும் மின்னழுத்தம் மட்டும் பழையதற்குச் சமமாகவோ அதனினும் கூடுதலாகவோ இருக்கவேண்டும்.

இவற்றை வாங்க மாரிகுப்பத்தார் நெடுந்தொலைவு அலைய வேண்டியதில்லை. காலை வண்டியில் பெங்களூர் சென்றால் எஸ்.பி. சாலைக் கடைகளில் கிடைக்கும். சென்னைவாழ் மக்களுக்கு ரிச்சி தெருவும், மும்பையில் இருப்போருக்கு லாமிங்டன் சாலையும், தில்லியில் இருப்போருக்கு லஜ்பத் ராய் சந்தையும் உண்டு.

வால்வின் கதை வேறு. பெங்களூரில் 1954-இல் நிறுவப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் வானொலிக்குரிய வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. அடுத்த ஆண்டே டிரான்சிஸ்டர் போன்ற குறைகடத்திகளையும் அங்கே செய்யத் தொடங்கினர். வால்வுக்கும் அதனை வீழ்த்திய போட்டியாளனுக்கும் ஒரே நிறுவனம் தொட்டிலாக அமைந்தது வியப்பே. ‘பெல்’ முத்திரை பொறித்த வால்வுகள் இன்று புதிதாக வருவதில்லை. பழைய இருப்பிலிருந்தும், கழற்றப்பட்ட பெட்டிகளிலிருந்தும்தான் கிடைக்கின்றன. ஆயினும் உலகில் வால்வுத் தொழில் அடியோடு மறைந்துவிடவில்லை. கிட்டார் இசைப்போர் வால்வுப் பெருக்கியையே விரும்புவதால், உருசியா, சுலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் புதிய வால்வுகள் உருவாகின்றன.

வால்வைத் தேடுவோர்க்கு அதன் பெயரே வழிகாட்டி. ஈ.எல். 84 என்னும் பெயரைக் காண்க. முதலெழுத்தாகிய ‘ஈ’, இழைக்கு 6.3 வோல்ட்டு வேண்டும் என்பதைக் குறிக்கும். ‘எல்’ என்பது ஆற்றல் மிக்க ஐம்முனை வால்வு. எண்ணின் தொடக்கத்திலுள்ள 8, ஒன்பது ஊசிகள் கொண்ட அடிப்பகுதியைக் காட்டும். ஈ.சி.சி. 83 என்பதில் ‘சி’ இருமுறை வருவதால், ஒரே குழலுக்குள் இரண்டு மும்முனை வால்வுகள் உள்ளன எனலாம். இதே வால்வு அமெரிக்காவில் 12 ஏ.எக்ஸ். 7 என்று பெயர் பெறும். ஒரு பெயரை மட்டும் அறிந்தவர், கையெட்டும் தொலைவில் இருப்பதையும் இல்லையென்று எண்ணித் திரும்பிவிடுவார்.

பழைய வால்வை வாங்குமுன் அதன் கண்ணாடியை உற்றுநோக்குதல் வேண்டும். உட்புறத்தில் வெள்ளிபோல் மின்னும் பூச்சு இருக்கும். எஞ்சிய காற்றை ஈர்த்துக்கொள்ளவே அப்பூச்சு. அது பால்போல் வெளுத்திருந்தால் வெளிக்காற்று புகுந்துவிட்டது, அவ்வால்வு பயன்படாது.

இனி மின்மாற்றி. வால்வுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே நிற்கும் வெளியீட்டு மின்மாற்றியே பெட்டியின் அரும்பொருள். அந்தந்த வால்வுக்கு ஏற்ப, அந்தந்தப் பெட்டிக்கென்றே சுற்றப்பட்டது அது. எரிந்துபோனால் ஒத்த ஒன்று கிடைப்பது கடினம். மறுபடி சுற்றத் தெரிந்த கைகளும் குறைந்துவருகின்றன. ஒலிபெருக்கியை இணைக்காமல் பெட்டியை உரக்கப் பாடவிட்டால், மின்னழுத்தம் அளவிறந்து உயர்ந்து அதன் சுருள் பழுதாகக்கூடும். பழைய இரும்புக்காரர் எடையிடுவதும் பெரும்பாலும் இதனைத்தான். வால்வுகளும் கண்டன்சர்களும் இல்லாத பெட்டியை மீட்கலாம். மின்மாற்றி செம்பாக உருகிவிட்ட பெட்டியை மீட்பது அரிதினும் அரிது.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. வால்வுப் பெட்டிக்குள் 250 வோல்ட்டு, சிலவற்றில் 400 வோல்ட்டுக்கும் மேல், நேர்மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பெரிய கண்டன்சர் அதனைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கும்; தொட்டால் உயிருக்கே கேடு. ஆகவே மாணவர்கள் அப்பெட்டியைத் திறத்தல் கூடாது. பயிற்சி பெற்றவர்கூட, தேங்கிய மின்னூட்டத்தை மின்தடை ஒன்றின்வழி வடித்து, அளவியால் சரிபார்த்த பின்னரே கைவைப்பார். சிலர் பழமையைப் பேண விரும்பி, உலர்ந்த கண்டன்சரின் கூட்டுக்குள் புதியதை மறைத்து வைப்பர். அது நயமான வேலைதான். ஆனால் மேலுறை வெடித்த பழைய மின்கம்பியை அழகுக்காக விட்டுவைத்தல் அறிவுடைமை ஆகாது. நிலத்தொடர்புடன் கூடிய மூவிழைக் கம்பியைப் பொருத்துவதே முறை.

எல்லாம் மாற்றியபின் பழுதுநீக்குநர் பெட்டியை உடனே நேரடி மின்சாரத்தில் இணைக்கமாட்டார். இடையில் ஒரு குண்டுவிளக்கைத் தொடராக இணைப்பார். உள்ளே எங்கேனும் குறுக்கிணைப்பு இருந்தால் விளக்கு பளிச்செனத் தொடர்ந்து எரியும், பெட்டி பிழைக்கும். குறை இல்லையெனில் விளக்கு முதலில் ஒளிர்ந்து, பின் மங்கும். அரை நிமிடம் வரை ஓசை ஏதும் இராது. இழைகள் மெல்லச் சிவக்கும், கண்ணாடி சூடேறும், காய்ந்த தூசியின் மணம் எழும். பின்னர், ஒலிபெருக்கியில் மெல்லிய மூச்சுப்போன்ற ஓர் ஓசை கேட்கும். விளக்கை நீக்கி, பாட்டை இணைத்து, ஒலிக்குமிழை அவர் சிறிதே திருப்புவார்.

பயிற்சி

1. புதிய வால்வு மாற்றியும் மீண்டும் தகடு சிவப்பதன் காரணத்தை உங்கள் சொற்களில் எழுதுக.

2. மதகு, வாயில்காப்போன் என்னும் உவமைகள் எவ்வெவற்றுக்குக் கூறப்பட்டுள்ளன? பொருத்தத்தை விளக்குக.

3. பழைய இரும்புக்காரருக்குப் பெருக்கியை விற்கலாம் என்கிறார் அம்மா. வேண்டாம் என்கிறார் பாட்டி. இருவர் உரையாடலையும் பத்து வரிகளில் எழுதுக.

4. உங்கள் வீட்டுப் பெரியவரிடம், அவர் ஊரில் முதன்முதலாகப் பாட்டுக் கேட்ட கருவி எது எனக் கேட்டு, அவர் பயன்படுத்தும் சொற்களை அப்படியே குறித்து வருக.