லேசர் முடிநீக்கத்தின் பின் தோல் பராமரிப்பும் முடி உதிர்வும்

லேசர் கதிரை ஈர்த்து முடிவேரைச் சுடவைப்பது மெலனின் என்னும் கருநிறமி. அதே நிறமி நம்மவர் தோலிலும் மிகுதியாக உள்ளதால், சூடு தோலையும் தாக்கிக் கருந்திட்டுகளை உண்டாக்கக்கூடும். கருநிறத் தோலுக்கு 1064 நானோமீற்றர் அலைநீளமுடைய என்டி-யாக் லேசரே பெரும்பாலும் பாதுகாப்பானது. நிலையத்தில் முன்னரே கேட்டறிக.

சிகிச்சையின் பின் முடிக்குழிகளைச் சுற்றித் தோன்றும் சிவப்பும் வீக்கமும் ஓரிரு நாட்களில் தணியும். குளிர்ந்த ஈரத்துணி ஒற்றி, வாசனையற்ற களிம்பு பூசினால் போதும். மஞ்சளும் எலுமிச்சையும் வேண்டாம். சோனா, வெந்நீர்க் குளியல் ஆகியவற்றையும் அந்நாட்களில் தவிர்க்க.

அடுத்த ஒன்று முதல் மூன்று வாரங்களில் முடி மீண்டும் வளர்வது போலத் தெரியும். பணம் வீணாயிற்று எனப் பலர் மனம் நோவது இப்போதுதான். அது வளர்ச்சியன்று, சுடப்பட்ட முடி மேலெழுந்து உதிர்கிறது. நூலாலோ சாமணத்தாலோ பிடுங்கலாகாது. அடுத்த அமர்வில் கதிர் பற்றுவதற்கு வேரில் முடி இருத்தல் வேண்டும். தோல் ஆறியபின் சவரம் செய்யலாம்.

கருநிறத் தோலுக்கு வெயிற்பூச்சு எதற்கு என்போர் உளர். ஒஸ்லோவில் ஜூன் நடுப்பகுதியில் பகல் ஏறத்தாழ 19 மணி நேரம். வசந்தகாலப் புதுப்பனியோ புறஊதாக் கதிரில் 80 வீதம் வரை திருப்பி வீசும். காப்பெண் 30இற்குக் குறையாத பூச்சைப் பல வாரங்கள் தொடர்க.

கொப்புளம், சீழ், கடும் வலி கண்டால் குடும்ப வைத்தியரை நாடுக. அவரது பணிநேரத்திற்கு வெளியே 116117 இலக்கத்தை அழைக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென முன்பதிவின்போதே கூறுக. பிள்ளைகளை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லாதீர்.