பெயரும் எண்ணும்

இணையத்தில் கணினிகள் எண்களால் அறியப்படுகின்றன. மக்கள் அவற்றைப் பெயர்களால் அழைக்கின்றனர். இவ்விரண்டையும் இணைக்கும் களப்பெயர் முறைமையை 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். பெயரைக் கொண்டு எண்ணை அறிவது நேர்த்தேடல். எண்ணைக் கொண்டு பெயரை அறிவது எதிர்த்தேடல்.

களப்பெயரில் பொதுப்பகுதி இறுதியிலும், எண்ணில் அது முதலிலும் அமையும். ஆதலால் எதிர்த்தேடலில் எண்ணின் பகுதிகள் வரிசை மாறும். 192.168.1.25 என்பது 25.1.168.192 எனத் திரும்பி, 'இன்-ஆடர்.ஆர்பா' என்னும் பின்னொட்டைப் பெறும். அதற்குரிய பெயரைச் சுட்டுவது 'பிடிஆர்' பதிவு.

மின்னஞ்சல் சேவையகம் தன் பெயரைத் தானே கூறிக்கொள்ளலாம். ஆனால், எதிர்த்தேடல் பதிவை அவ்வெண்ணுக்கு உரிமையுடையவரே எழுத இயலும். ஆகவே, அது பிறர் தரும் சான்றாகிறது. மடலைப் பெறும் சேவையகம் எண்ணிலிருந்து பெயரையும், அப்பெயரிலிருந்து மீண்டும் எண்ணையும் தேடிப் பார்க்கும். இரண்டும் பொருந்தாவிடில் மடல் மறுக்கப்படலாம்.

192.168 எனத் தொடங்கும் முகவரிகள் உள்வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டவை. அவற்றிற்கான இருவகைப் பதிவுகளையும் அவ்வலையமைப்பின் நிருவாகியே தம் களப்பெயர்ச் சேவையகத்தில் எழுதுதல் வேண்டும். வெளியிணைய முகவரிக்குரிய எதிர்ப்பதிவை இணையச் சேவை வழங்குநரிடம் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஒன்றை மாற்றி மற்றொன்றை மறந்தால், நேர்மையான மடலும் ஐயத்திற்கு உள்ளாகும்.