அடினியம் நாற்றுகளை மதிப்பிடுதல்

மன்னார்த் தீவு போன்ற வெப்பமான உலர் பிரதேசங்களில் சாடியில் வளர்க்க உகந்த பூச்செடி அடினியம் (பாலைவன ரோசா).

வினா: வித்து நாற்றுகள் தாய்ச்செடியை ஒத்த பூக்களைத் தராதது ஏன்?
விடை: அயன்மகரந்தச்சேர்க்கையால் பரம்பரையலகுகள் கலந்து மாறல்கள் தோன்றுகின்றன.

நடுகை: ஆற்றுமணலும் கூட்டெருவும் கலந்த, நீர் தேங்காத ஊடகத்தில் புதிய வித்துகளை இடுக. ஏறத்தாழ 5 - 10 நாட்களில் முளைக்கும். கடற்கரை மணலையும் உவர்நீரையும் தவிர்க்குக. உப்பு நாற்றுகளின் நீர் அகத்துறிஞ்சலைக் குறைக்கும்.

மதிப்பீடு: அடித்தண்டின் பருமன், கிளைகளின் எண்ணிக்கை, பூவின் நிறம், அளவு என்பவற்றை அட்டவணைப்படுத்துக. பூவின் தரத்தை இலையைக் கொண்டு அறிய முடியாது. எனவே முதன்முறை பூக்கும் வரை ஆரோக்கியமான நாற்று எதனையும் அகற்றலாகாது.

கவனிக்க: தெரிவு செய்த செடியின் இயல்புகள் மாறாதிருக்க ஒட்டுதல் மூலம் பெருக்குக. இதன் பால் நஞ்சுடையது. கைகளை நன்கு கழுவுக.