கணக்குக் கேட்ட உறுப்பினர்

கேள்வி: நாடாளுமன்ற விவாதங்களில் இரா. செழியனின் தனிச்சிறப்பு எது?

பதில்: 1962இல் பெரம்பலூரிலிருந்தும், 1967, 1971 தேர்தல்களில் கும்பகோணத்திலிருந்தும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையிலும் பணியாற்றிய செழியன், மேடை முழக்கத்தைக் காட்டிலும் விதிநூலையும் வரவுசெலவு ஆவணங்களையும் நம்பியவர், கணிதம் பயின்றவருக்கு அது இயல்பே.

1971 முதல் 1973 வரை அவர் தலைமை தாங்கிய பொதுக் கணக்குக் குழு, அதாவது அவை ஒப்புதல் அளித்த பணம் அளித்த நோக்கத்துக்கே செலவானதா என்பதைத் தணிக்கை அறிக்கைகளைக் கொண்டு ஆராய்ந்து, அதிகாரிகளை அழைத்து விளக்கம் கேட்கும் குழு, அமைச்சர் எவரும் உறுப்பினராக முடியாத அமைப்பாகும். செலவு முடிந்த பிறகே கேள்வி எழுப்பும் இக்குழுவின் வரம்பு சிறியதுதான், ஆயினும் பெரும்பான்மை பலத்துக்கு முன் எதிர்க்கட்சியினருக்குக் கிடைத்த கூரிய கருவி அதுவே. உறுப்பினர்களுக்கான தொகுதி மேம்பாட்டு நிதி 1993இல் வந்த பின், செலவைக் கண்காணிக்க வேண்டியவரே செலவைப் பரிந்துரைப்பது முரண் என்று பிற்காலத்தில் அவர் வாதிட்டதும் இதன் தொடர்ச்சியே.

எனினும் அவரது ஆகப் பெரிய பங்களிப்பு அவைக்கு வெளியே நிகழ்ந்தது எனலாம்: நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையத்தின், கிடைப்பதற்கரிதாகிவிட்ட அறிக்கையைத் தொகுத்து, 2010இல், தம் 87ஆம் வயதில், அவர் மீண்டும் அச்சேற்றினார்.