வழக்கும் வாசிப்பும்: ‘மாதொருபாகன்’ புதினமும் அதன் ஆசிரியர் பெற்ற பெயரும்

புதினம் ஒன்று வழக்கிற்கு உள்ளாகும்போது, அதனைச் சொல் சொல்லாகப் படிக்கும் முதல் வாசகராக அரசு வழக்குரைஞர் அமைந்துவிடுவது உண்டு. பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’ மீது 1857 சனவரியில் பாரிசில் நடைபெற்ற வழக்கு இதற்குச் சான்று. எம்மா தன் கள்ளக்காதலை எண்ணிக் களிக்கும் பகுதியை எடுத்துக்காட்டி, ஒழுக்கக்கேட்டை ஆசிரியர் புகழ்கிறார் எனக் குற்றஞ்சாட்டினார் வழக்குரைஞர் எர்னெஸ்ட் பினார். அது படர்க்கையில் சொல்லப்பட்ட எம்மாவின் மனவோட்டம், ஆசிரியர் கூற்றன்று. இப்பிழைவாசிப்பைப் பின்னாளில் ஏற்பியல் அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் எடுத்து விளக்கினார். எனினும் எம்மாவைக் கண்டிக்கும் தகுதியுடையோர் நூலில் எவருளர் என்ற பினாரின் வினா கூர்மையானது. பிப்ரவரி 7ஆம் நாள் விடுதலைத் தீர்ப்பு வந்தது. கதைசொல்லியின் குரல் யாருடையது என்னும் வினா திறனாய்வுக்குரியதாக எஞ்சியது.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) இத்தகைய பகையாளியைக்கூடப் பெறவில்லை. நூல் வெளிவந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 திசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு மூண்டு படிகள் எரிக்கப்பட்டன. 2015 சனவரி 12 அன்று நாமக்கல்லில் நடந்த அமைதிப் பேச்சுக்குப்பின், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என ஆசிரியரே அறிவித்தார். 2016 சூலை 5 அன்று சஞ்சய் கிஷன் கவுல், புஷ்பா சத்தியநாராயணா அமர்வு அளித்த உயர்நீதிமன்றத் தீர்ப்பு, அப்பேச்சில் எட்டிய உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. மீண்டும் எழுதுமாறும் அழைத்தது.

இவ்வளவு நீண்ட பூசலில் பேசப்பட்டது பெரிதும் ஒரே செய்தி: தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாளிரவில் பிள்ளையற்ற பெண்கள் அயலாரைக் கூடும் வழக்கம் உண்மையில் இருந்ததா? எதிர்ப்பாளர் அதனை ஊருக்கும் குலத்திற்கும் நேர்ந்த பழியாகக் கண்டனர். ஆதரவாளருள் பலர் பாரதத்தின் நியோக முறையைச் சான்றுகாட்டினர். இரு சாராரும் புதினத்தை ஆவணமாகவே எடுத்துக்கொண்டனர். ஆசிரியரே முன்னுரையில் களஆய்வைக் குறிப்பிட்டிருந்தமை இவ்வாசிப்புக்கு ஓரளவு இடந்தந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

புதினத்தின் நெருக்கடி வேறிடத்தில் உள்ளது. மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளாகியும் பிள்ளையில்லாத காளியும் பொன்னாவும் ஒருவரையொருவர் விரும்பும் கணவன் மனைவியர். காளி தன் தொண்டுப்பட்டியில் ஒதுங்கலாம். பொன்னாவுக்கு அத்தகைய ஒதுக்கிடம் இல்லை. விதைப்பிலும் விசேடத்திலும் விலக்கப்படுவது அவள் உடல். திருவிழாவுக்குச் செல்லக் காளி இசைந்துவிட்டான் என அவள் அண்ணன் முத்து கூறும் பொய்யை நம்பியே அவள் புறப்படுகிறாள். அவ்விரவில் காளியைக் குடிக்க அழைத்துச்சென்று அகற்றிவைப்பவனும் முத்துதான். எனவே அறக்கேள்வி கூடலைக் காட்டிலும் இசைவைப் பற்றியது: கணவனின் சம்மதமே பெண்ணின் சம்மதமாகக் கொள்ளப்படும் குடும்பத்தில், பொய்யாகச் சொல்லப்பட்ட சம்மதத்தின்பேரில் அவள் செய்த செயலுக்கு யார் பொறுப்பு? கதைசொல்லி இதற்கு விடையளிப்பதில்லை. காளியின் மனத்திலும் பொன்னாவின் மனத்திலும் மாறிமாறிப் புகும் படர்க்கை நடை, இருவருள் எவரையும் தண்டிக்காமல் நகர்கிறது. பினார் இருந்திருந்தால் இவ்விடத்தையே தொட்டிருப்பார்.

குறையும் உண்டு. காளியின் குமைச்சலுக்குக் கிட்டும் விரிவு, விழாக்கூட்டத்திற்குள் நுழையும் பொன்னாவின் தேர்வுக்கு வாய்க்கவில்லை. அப்பகுதியில் சடங்கு விவரிப்பு சில இடங்களில் பாத்திரத்தை மறைக்கிறது. கருத்துரிமைக்காகக் குரல் கொடுத்தோர் இத்தகைய குறைகளைப் பேசத் தயங்கியது இயல்பே. அடிபட்டுக் கிடப்பவரின் நடையை ஆராய்வது அப்போது நாகரிகமாகாது. ஆயின் அத்தயக்கம் 2016க்குப் பின்னும் நீடிக்க நியாயமில்லை. ‘பூக்குழி’யின் ஆங்கிலப் பெயர்ப்பு 2023இல் பன்னாட்டு புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றபோதும், இறந்து உயிர்த்த எழுத்தாளர் என்னும் அடையாளமே அயலக அறிமுகங்களில் முந்திக்கொண்டது.

இப்பெயரால் மிகுதியும் மறைக்கப்பட்டவை ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ ஆகிய தொடர்ச்சிப் புதினங்களாகும். ‘மாதொருபாகன்’ முடிந்த இடத்திலிருந்து இரண்டும் தனித்தனி வழியில் கிளைக்கின்றன. ஒன்றில் காளி தூக்கிட்டு மாண்டுபோகிறான். மற்றொன்றில் உயிர்பிழைத்துப் பொன்னாவைப் பேசாமையால் ஒறுக்கிறான். விழாவிரவு உண்மையா என்னும் வினாவுக்கு இவ்விரண்டிலும் வேலையில்லை. அவ்விரவுக்குப் பின் பொன்னா எவ்வாறு வாழ்கிறாள் என்பதையே இரண்டும் எழுதிப்பார்க்கின்றன.