ஜெர்மன் மொழியும் நமது வேற்றுமை உருபுகளும்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களைக் காண வரும் வெளிநாட்டவருள் ஜெர்மானியரும் உளர். அவர்களுக்கு வழிகாட்டியாகப் பணியாற்ற விரும்பிய தோட்டத்து அன்பர் ஒருவர், முப்பத்தைந்து வயதில் அம்மொழியைப் பயிலத் தொடங்கினார். வாழ்த்துச் சொற்களும் எண்களும் எளிதில் படிந்தன. வேற்றுமை பற்றிய பாடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டார். "பள்ளியை விட்டு இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன, இனி இலக்கணம் என் தலையில் ஏறாது" என்றார். தாம் அஞ்சிய இலக்கணத்தைத் தாமே நாள்தோறும் வாயால் வழங்கி வருகிறார் என்பதை எவரும் அவருக்கு எடுத்துரைக்கவில்லை.

வேற்றுமை என்பது யாது? வாக்கியத்தில் ஒரு பெயர்ச்சொல் என்ன வேலை செய்கிறது என்பதைக் காட்டும் அடையாளமே அது. 'நாய் மனிதனைக் கடித்தது' என்னும்போது 'ஐ' உருபு கடிபட்டவன் யார் என்பதைக் காட்டிவிடுகிறது. 'மனிதனை நாய் கடித்தது' என இடம் மாற்றினும் பொருள் மாறாது. மலாய் மொழியில் பெயர்ச்சொற்கள் இவ்வாறு உருபு ஏற்பதில்லை. 'அஞ்சிங் மெங்கிகிட் ஓராங்' என்பதைப் புரட்டினால் மனிதன் நாயைக் கடித்தவன் ஆகிவிடுவான்! ஜெர்மன் மொழி இதில் தமிழின் பக்கம் நிற்கிறது.

தமிழில் வேற்றுமைகள் எட்டு, ஜெர்மனிலோ நான்கே. நமது முதலாம், இரண்டாம், நான்காம், ஆறாம் வேற்றுமைகளோடு அவற்றை ஒப்பிடலாம். மூன்று, ஐந்து, ஏழாம் வேற்றுமைகளின் வேலையைப் பெரும்பாலும் 'மிட்', 'ஃபோன்', 'இன்' போன்ற முன்னிற்கும் சொற்களின் துணையோடு அவர்களுடைய நான்காவதே சுமக்கிறது.

அடையாளம் நிற்கும் இடம்தான் வேறு. நாம் உருபைப் பெயரின் இறுதியில் ஒட்டுகிறோம். ஜெர்மானியர் பெயருக்கு முன் நிற்கும் சிறு சொல்லை மாற்றுகின்றனர். நமக்கு நெருங்கிய தேநீரையே எடுத்துக்கொள்வோம். அதற்கு ஜெர்மன் பெயர் 'டே'. தேநீர் என எழுவாயாக வந்தால் 'டெர் டே'. தேநீரை என்றால் 'டென் டே'. தேநீருக்கு என்றால் 'டெம் டே'. தேநீரினது என்றால் 'டெஸ் டேஸ்'. இறுதியில் வந்ததில் மட்டும் பெயரின் கடையிலும் 'ஸ்' ஒட்டியிருப்பதைக் காண்க. மூன்று பால்களுக்கும் பன்மைக்குமாகச் சேர்த்தால் பதினாறு கட்டங்கள் கொண்ட அட்டவணை உண்டாகும். நம் அன்பரை விரட்டியது அதுவே. ஆனால் அப்பதினாறு கட்டங்களிலும் திரும்பத் திரும்ப வருபவை டெர், டீ, டாஸ், டென், டெம், டெஸ் என்னும் ஆறு சொற்களே.

தமிழருக்கு இங்கே ஒரு தனி நன்மை உண்டு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் வாழும் மலைவாசிகள், 'எனக்குக் குளிர்கிறது' என்று நான்காம் வேற்றுமையில் கூறுகிறோம். ஜெர்மானியரும் 'மீர் இஸ்ட் கல்ட்' என்கின்றனர். 'மீர்' என்பது எனக்கு. ஆங்கில வழக்கைப் பின்பற்றி 'இஹ் பின் கல்ட்' என்பாராயின், நெஞ்சில் ஈரமற்றவன் நான் என்று பொருள்பட்டுவிடும்! அவ்வாறே 'தந்தைக்கு உதவுகிறேன்' என்பதும் அங்கே நான்காவதுதான்: 'இஹ் ஹெல்ஃபெ டெம் ஃபாட்டர்'. ஆயினும் எல்லா இடங்களிலும் இவ்வொற்றுமையை நம்பிவிடலாகாது. 'எனக்குத் தெரியும்' என்பதை அவர்கள் 'நான்' என எழுவாயிலேயே தொடங்குவர்.

நமது பழக்கமே நம்மைத் தடுக்கும் இடமும் ஒன்றுண்டு. 'கொழுந்து பறித்தாள்', 'தேநீர் குடித்தான்' என 'ஐ' உருபை மறைத்துப் பேசுவது நம் வழக்கம். இலக்கணத்தார் இதனை இரண்டாம் வேற்றுமைத் தொகை என்பர். அந்நினைவில் 'டென் டே' என வேண்டிய இடத்தில் 'டெர் டே' என்று கூறிவிடுவோம். ஆகவே மனத்துள் 'தேநீரை' என்று உருபை விரித்துக்கொண்டு பின்னர் வாய் திறப்பது நலம்.

உண்மையான கடினம் பால் பாகுபாட்டில் உள்ளது. தமிழில் பொருளை நோக்கிப் பால் அறியலாம். ஜெர்மனில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தியோ அஃறிணைபோல் இரண்டுமற்ற பால்! சிறுமியைக் குறிக்கும் சொல்லும் அம்மூன்றாம் பாலே; சிறுமைப் பொருள் தரும் விகுதி அதில் சேர்ந்திருப்பதே காரணம். எனவே ஒவ்வொரு பெயரையும் அதன் முன்சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்தல் வேண்டும். பாலை அறியாதவர் உருபையும் அறிய இயலாது.

வளர்ந்தபின் பிறமொழி வேற்றுமையைக் கற்க இயலுமா என ஐயுறுவோர்க்கு, எதிர்த்திசையில் நடந்த வரலாறு ஒன்று உண்டு. ஜெர்மானியரான பார்த்தலோமேயு சீகன்பால்கு, டென்மார்க் மன்னரால் அனுப்பப்பெற்று, 1706ஆம் ஆண்டு ஜூலையில் தரங்கம்பாடி வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்து நான்கு. திண்ணைப்பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைப் பயின்றார். பத்தே ஆண்டுகளில், 1716இல், அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கண நூல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. நான்கு வேற்றுமை உடைய மொழியிலிருந்து எட்டு வேற்றுமை உடைய மொழிக்கு அவர் வந்தார். நம் அன்பருக்கோ எட்டிலிருந்து நான்கிற்கு இறங்கும் வேலைதான்.

இனி வாசகர்கள் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். 'டெர்' எழுவாய், 'டென்' இரண்டாவது, 'டெம்' நான்காவது என்பதை நினைவில் கொள்க. ஃபாட்டர் என்பது தந்தை. கஸ்ட் என்பது விருந்தினர். கோர்ப் என்பது கூடை. கிப்ட் என்பது தருகிறார். மூன்று பெயர்களும் ஆண்பாலே. 'டென் கோர்ப் கிப்ட் டெர் ஃபாட்டர் டெம் கஸ்ட்.' கூடை முதலில் நின்றாலும் தருபவர் யார், பெறுபவர் யார்?